இரா. செழியனின் நாடாளுமன்றப் பணி: ஒரு மதிப்பீடு

இரா. செழியன் (ஏப்ரல் 28, 1923 - ஜூன் 6, 2017) தமிழக அரசியல்வாதி, நாடாளுமன்றவாதி, அரசியல் கட்டுரையாளர். திராவிட இயக்கத்தில் உருவானவர். 1962-ல் பெரம்பலூர் தொகுதியிலிருந்தும், 1967, 1971 ஆண்டுகளில் கும்பகோணம் தொகுதியிலிருந்தும் மக்களவைக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டார். 1978 முதல் 1984 வரை மாநிலங்களவையில் இருந்தார். நாடாளுமன்றப் பொதுக்கணக்குக் குழுவின் தலைவராகப் பணியாற்றியவர். மறைந்துபோன ஷா ஆணைய அறிக்கையை 2010-ல் மீண்டும் பதிப்பித்தவர். இருபத்தொரு ஆண்டுகள் இரு அவைகளிலும் இருந்த அவர் எந்த அரசிலும் அமைச்சராக இருக்கவில்லை. அரசிடம் கணக்குக் கேட்பதையே உறுப்பினரின் முதற்கடமையாகக் கொண்ட மரபில் வைத்து அவர் மதிப்பிடப்படுகிறார்.

பின்புலம்

செழியன் அன்றைய தஞ்சாவூர் மாவட்டத்தில், இன்றைய நாகப்பட்டினம் மாவட்டத்தில் உள்ள திருக்கண்ணபுரத்தில் பிறந்தார். தமிழக அமைச்சராகவும் இடைக்கால முதலமைச்சராகவும் இருந்த இரா. நெடுஞ்செழியன் அவருடைய அண்ணன். அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் படித்த காலத்தில் திராவிட இயக்கத்தில் ஈடுபட்டார். நெடுஞ்செழியன், க. அன்பழகன் ஆகியோரும் அதே பல்கலைக்கழகத்திலிருந்து இயக்கத்துக்கு வந்தவர்கள். 1949-ல் திராவிட முன்னேற்றக் கழகம் தொடங்கப்பட்டபோது செழியன் அண்ணாதுரையுடன் நின்றார்.

அண்ணனும் தம்பியும் ஒரே இயக்கத்தில் இருந்தாலும் இருவரின் களங்கள் வேறு. நெடுஞ்செழியன் மேடைப்பேச்சால் அறியப்பட்டார். மாநில அமைச்சரவையே அவருடைய இடமாக அமைந்தது. செழியன் டெல்லியில் வரவுசெலவுத் திட்டம், தணிக்கை அறிக்கை, அவை விதிகள் ஆகியவற்றோடு பழகினார். திராவிட இயக்கத்தின் வரலாறு பெரும்பாலும் மேடையையும் திரைப்படத்தையும் இதழ்களையும் வைத்தே எழுதப்பட்டிருக்கிறது. அவ்வியக்கம் டெல்லிக்கு அனுப்பிய நாடாளுமன்றவாதிகளைப் பற்றிய எழுத்து குறைவு. செழியனின் பணி தமிழில் அதிகம் பேசப்படாமைக்கு இதுவும் ஒரு காரணம்.

பெரம்பலூர், 1962

பெரம்பலூரும் அரியலூரும் அப்போது திருச்சிராப்பள்ளி மாவட்டத்தின் வட்டங்கள். பெரம்பலூர் தனி மாவட்டமானது 1995-ல். அரியலூர் 2001-ல் தனி மாவட்டமாகி, 2002-ல் மீண்டும் பெரம்பலூருடன் இணைக்கப்பட்டு, 2007 நவம்பர் 23 அன்று மறுபடியும் பிரிக்கப்பட்டது. காவிரிப் பாசனம் பெரும்பகுதிக்கு எட்டாத மானாவாரி நிலம் இது. பருத்தி, சோளம், சின்ன வெங்காயம், பின்னாளில் மக்காச்சோளம் ஆகியவை பெரம்பலூர்ப் பக்கத்தின் பயிர்கள். அரியலூரின் சுண்ணாம்புக்கல் சிமெண்ட் ஆலைகளைக் கொண்டுவந்தது. விழுப்புரம் - திருச்சி ரயில்பாதை அரியலூர் வழியாகச் செல்கிறது. பெரம்பலூர் நகருக்கு இன்றுவரை ரயில் இல்லை.

அமைச்சர் பொறுப்பு என்ற சொல் இந்திய அரசியலில் பேசப்படும்போதெல்லாம் நினைவுகூரப்படும் நிகழ்ச்சி ஒன்று இந்த மண்ணில் நடந்தது. 1956 நவம்பர் 23 அன்று அரியலூர் அருகே மருதையாற்றுப் பாலம் வெள்ளத்தில் சேதமடைந்து, சென்னையிலிருந்து தூத்துக்குடி சென்ற விரைவு ரயில் ஆற்றில் விழுந்தது. 140-க்கும் மேற்பட்டோர் இறந்தனர். ரயில்வே அமைச்சர் லால் பகதூர் சாஸ்திரி பதவி விலகினார். அதே ஆண்டு மகபூப்நகர் விபத்துக்குப் பின் அவர் கொடுத்த விலகல் கடிதத்தை ஏற்காத நேரு, இம்முறை ஏற்றுக்கொண்டார். ரயில்வே துணை அமைச்சராக இருந்த ஓ. வி. அழகேசனைப் பெயர் சொல்லி அழைத்து தி.மு.க.வினர் எழுப்பிய முழக்கம் 1957 தேர்தலில் தமிழகம் முழுவதும் ஒலித்தது.

பெரம்பலூர் மக்களவைத் தொகுதி 1952-ல் தமிழ்நாடு உழைப்பாளர் கட்சிக்கும் 1957-ல் காங்கிரசுக்கும் சென்றது. 1962-ல் செழியன் தி.மு.க. வேட்பாளராக வென்றார். 1957-ல் இரண்டு உறுப்பினர்களை மட்டுமே மக்களவைக்கு அனுப்பியிருந்த கட்சிக்கு அவ்வாண்டு ஏழு இடங்கள் கிடைத்தன. காஞ்சிபுரம் சட்டமன்றத் தொகுதியில் தோற்ற அண்ணாதுரை அதே ஆண்டு மாநிலங்களவைக்குச் சென்றார். பிரிவினைக் கோரிக்கையைத் தடைசெய்த 16-ஆம் அரசமைப்புத் திருத்தம், ஆட்சிமொழிச் சட்டம் ஆகிய இரண்டும் 1963-ல் இந்த நாடாளுமன்றத்தில்தான் நிறைவேறின. பிரிவினைக் கோரிக்கையைக் கைவிட்ட தி.மு.க., அவைக்குள் இருந்தே மாநில உரிமை பேசும் கட்சியாக மாறியது. அந்த மாற்றத்தின் காலத்தில் அவைக்குள் இருந்த சிலரில் செழியனும் ஒருவர்.

1967-ல் செழியன் பெரம்பலூரை விட்டுக் கும்பகோணத்தில் நின்றார். 1957, 1962 தேர்தல்களில் காங்கிரசின் சி. ஆர். பட்டாபிராமன் வென்றிருந்த தொகுதி அது. தி.மு.க. அலை வீசிய அந்தத் தேர்தலில் அவர் வென்றார். 1971-லும் அங்கேயே வென்றார். பெரம்பலூருடனான அவருடைய தேர்தல் உறவு ஒரே பதவிக்காலத்தோடு முடிந்தது.

பொதுக்கணக்குக் குழு

செழியனின் நாடாளுமன்ற வாழ்க்கையில் தலையாய பொறுப்பு 1971 முதல் 1973 வரை அவர் வகித்த பொதுக்கணக்குக் குழுத் தலைவர் பதவி. இந்தக் குழு 1921-ல் ஆங்கிலேயர் ஆட்சியில் தொடங்கப்பட்டது. இன்று இதில் 22 உறுப்பினர்கள் இருக்கிறார்கள். மக்களவையிலிருந்து 15 பேர், மாநிலங்களவையிலிருந்து 7 பேர். அமைச்சர்கள் இதில் இடம்பெற முடியாது. அவை ஒப்புதல் அளித்த பணம் ஒப்புதல் அளிக்கப்பட்ட காரியத்துக்குத்தான் செலவானதா என்பதைத் தலைமைக் கணக்குத் தணிக்கையாளரின் அறிக்கையை வைத்துக்கொண்டு துறைச் செயலாளர்களிடம் கேட்பதே குழுவின் வேலை. 1967 வரை ஆளுங்கட்சியினரே தலைவராக இருந்தனர். அவ்வாண்டு சுதந்திரா கட்சியின் எம். ஆர். மசானி தலைவரானதிலிருந்து எதிர்க்கட்சியைச் சேர்ந்தவரை அப்பதவியில் அமர்த்துவது மரபானது. மசானிக்குப் பின் அடல் பிகாரி வாஜ்பாய், அவருக்குப் பின் செழியன்.

இந்தப் பதவிக்கு மேடை இல்லை. குழுக் கூட்டங்கள் மூடிய அறையில் நடக்கும். சாட்சியம் சொல்லும் அதிகாரியிடம் உரத்துப் பேசுவதால் பயனில்லை. கோப்பைப் படித்துவிட்டு வந்த உறுப்பினரின் கேள்விக்குத்தான் பதில் கிடைக்கும். குழு கட்சி அடிப்படையில் வாக்கெடுக்காமல் ஒருமித்து அறிக்கை தருவது வழக்கம். அந்த ஒருமிப்பே அறிக்கைக்கு மதிப்பைத் தருகிறது. இத்தகைய இடத்தில் பணியாற்றுவதற்கு வேண்டிய பொறுமையும் மாற்றுக் கட்சியினரின் நம்பிக்கையும் செழியனிடம் இருந்தன. அவரை மையவாதி என்று அழைப்பதற்கு உரிய காரணத்தை இங்குதான் தேட வேண்டும். பொருளாதாரக் கொள்கையில் இடதுக்கும் வலதுக்கும் நடுவே ஓரிடத்தை வகுத்துக்கொண்ட கோட்பாட்டாளர் அல்லர் அவர். யார் ஆண்டாலும் அவைக்குப் பதில் சொல்லியாக வேண்டும் என்ற நிலையில் அவர் நின்றார்.

நெருக்கடி நிலை

1975 ஜூன் 25 இரவு நெருக்கடி நிலை அறிவிக்கப்பட்டது. எதிர்க்கட்சித் தலைவர்கள் பலர் சிறையில் இருக்க, ஜூலை 21 அன்று மக்களவை கூடியது. இதழ்களில் தணிக்கை இருந்ததால் அவையில் பேசப்பட்டதும் வெளியே வர முடியாத நிலை. அந்தக் கூட்டத்தில் நெருக்கடி நிலையை எதிர்த்துப் பேசியவர்களில் செழியனும் ஒருவர். மார்க்சிஸ்ட் கட்சியின் ஏ. கே. கோபாலன் முதலியோரும் பேசினர். வெளியில் யாருக்கும் கேட்காது என்று தெரிந்தும் அவைக்குறிப்பில் பதிவாவதற்காகவே பேசப்பட்ட பேச்சுகள் அவை.

1976 ஜனவரி 31 அன்று தமிழ்நாட்டில் தி.மு.க. அரசு கலைக்கப்பட்டது. கட்சியினர் மிசா சட்டத்தில் சிறையிடப்பட்டனர். சென்னை மத்திய சிறையில் அவர்கள் தாக்கப்பட்டனர். செங்கல்பட்டு மக்களவை உறுப்பினரும் செழியனின் அவைத் தோழருமான சி. சிட்டிபாபு 1977 ஜனவரியில் இறந்தார். ஐந்தாம் மக்களவையின் ஐந்தாண்டுக் காலம் முடிந்த பிறகும் அதன் ஆயுள் நீட்டிக்கப்பட்டது. 1977 ஜனவரியில் அது கலைக்கப்பட்டது. செழியனின் மக்களவை வாழ்க்கையும் அத்துடன் முடிந்தது. அவர் அதன் பிறகு மக்களவைக்குத் தேர்ந்தெடுக்கப்படவில்லை.

ஜனதா கட்சியும் தென்சென்னையும்

1977 தேர்தலுக்குப் பின் தி.மு.க.வில் பிளவு ஏற்பட்டது. நெடுஞ்செழியன் மக்கள் தி.மு.க.வைத் தொடங்கிப் பின்னர் அ.தி.மு.க.வில் இணைந்தார். செழியன் ஜனதா கட்சியில் சேர்ந்தார். அதே ஆண்டு சட்டமன்றத் தேர்தலில் அக்கட்சி தமிழகத்தில் பெற்றவை 10 இடங்கள் மட்டுமே. திராவிடக் கட்சிகள் இரண்டாகப் பிரிந்து நின்ற மாநிலத்தில் மூன்றாவது அணிக்கு இடம் சுருங்கிவந்த காலம் அது. செழியன் தேர்ந்துகொண்டது தமிழ்நாட்டில் வேர் இல்லாத கட்சி. அடுத்த ஆறு ஆண்டுகள் அவர் மாநிலங்களவையில் இருந்தார்.

1984 டிசம்பர் மக்களவைத் தேர்தலில் தென்சென்னையில் ஜனதா வேட்பாளராக நின்றார். எதிர்த்து நின்றவர் காங்கிரசின் வைஜெயந்திமாலா பாலி, திரைப்பட நடிகை, நாட்டியக் கலைஞர். தம்மை மக்களவைக்கும் எதிர் வேட்பாளரை ஆர். ஆர். சபாவுக்கும் அனுப்பும்படி செழியன் வாக்காளரைக் கேட்டுக்கொண்டதாகச் செய்தி உண்டு. ஆர். ஆர். சபா என்பது மயிலாப்பூரின் ரசிக ரஞ்சனி சபா. சுமார் 48,000 வாக்கு வேறுபாட்டில் செழியன் தோற்றார்.

இந்திரா காந்தி கொலையின் அனுதாப அலையும் எம்.ஜி.ஆர். உடல்நலமின்றி இருந்த சூழலும் சேர்ந்த தேர்தல் அது. தமிழகத்தின் 39 இடங்களில் 37 காங்கிரஸ் - அ.தி.மு.க. அணிக்குச் சென்றன. எனவே தோல்வியை அந்தப் பேச்சின் மேல் ஏற்றுவது பொருந்தாது. ஆனால் அந்தப் பேச்சு செழியனின் குறை ஒன்றைக் காட்டுகிறது. கோப்புகளை வைத்துப் பேசும்போது அவரிடம் இருந்த நிதானம் அதில் இல்லை. ஒரு கலைஞரின் தொழிலையே அவர் தகுதிக்குறைவாக வைத்துப் பேசினார். அவைக்கு யார் தகுதியானவர் என்பதை அனுபவமுள்ள உறுப்பினர் தீர்மானிக்க முடியாது. அது வாக்காளரின் உரிமை. 1989-லும் தென்சென்னை வைஜெயந்திமாலாவையே தேர்ந்தெடுத்தது.

ஷா ஆணைய அறிக்கை

நெருக்கடி நிலைக் காலத்து அத்துமீறல்களை விசாரிக்க ஜனதா அரசு 1977 மே மாதம் உச்ச நீதிமன்றத்தின் முன்னாள் தலைமை நீதிபதி ஜே. சி. ஷா தலைமையில் ஆணையம் அமைத்தது. 1978-ல் ஆணையம் மூன்று பகுதிகளாக அறிக்கை அளித்தது. 1980-ல் காங்கிரஸ் ஆட்சிக்குத் திரும்பியபின் அறிக்கையின் படிகள் புழக்கத்திலிருந்து மறைந்தன. அது திட்டமிட்டு அகற்றப்பட்டது என்பது பரவலான கருத்து.

செழியன் அந்த அறிக்கையைத் தேடித் தொகுத்து, ‘தொலைந்ததும் மீண்டதும்’ என்று பொருள்படும் துணைத்தலைப்புடன் 2010-ல் சென்னையின் ஆழி பதிப்பகம் வழியாக ஆங்கிலத்தில் வெளியிட்டார். அப்போது அவருக்கு வயது 87. பதவியோ கட்சியோ இல்லாத ஒருவர், நாடாளுமன்றத்தின் முன் வைக்கப்பட்ட ஓர் ஆவணத்தைக் குடிமக்களுக்குத் திருப்பிக் கொடுத்த செயல் இது. பொதுக்கணக்குக் குழுவில் செய்த வேலையின் தொடர்ச்சியாகவே இதைக் கொள்ள வேண்டும். ஓர் அரசு செய்ததை அடுத்த தலைமுறை அறிய வேண்டுமானால் தாள் இருக்க வேண்டும். தாள் இல்லாத இடத்தில் புகழ்ச்சியும் வசையும் மட்டுமே மிஞ்சும். நெருக்கடி நிலை பற்றி இன்று எழுதுபவர்கள் கைது ஆணைகள், இதழ்த் தணிக்கை, கட்டாயக் கருத்தடை, டெல்லியின் குடிசை இடிப்பு ஆகியவற்றுக்குச் சான்றாக இந்தப் பதிப்பை எடுத்துக்கொள்ள முடிகிறது.

இப்பதிப்பின் எல்லையும் குறிப்பிடத்தக்கது. ஷா ஆணையத்தின் பார்வை பெரும்பாலும் டெல்லியையும் வட மாநிலங்களையும் சார்ந்தது. சென்னை மத்திய சிறையில் நடந்த கொடுமைகளை நீதிபதி மு. மு. இஸ்மாயில் ஆணையம் தனியே விசாரித்தது. செழியனின் சொந்தக் கட்சித் தோழர்கள் அடிபட்ட சிறை அது. தமிழ் வாசகருக்கு நெருக்கடி நிலை முழுமையாகத் தெரியவர வேண்டுமானால் இரண்டு அறிக்கைகளும் சேர்த்து வாசிக்கப்பட வேண்டும், அதுவும் தமிழில். செழியனின் மீட்பு அந்த வேலையின் முதற்பாதி.

தொகுதி மேம்பாட்டு நிதி பற்றிய விமர்சனம்

1993 டிசம்பரில் பி. வி. நரசிம்ம ராவ் அரசு நாடாளுமன்ற உறுப்பினர் தொகுதி மேம்பாட்டுத் திட்டத்தை அறிவித்தது. முதல் ஆண்டில் உறுப்பினருக்கு 5 லட்சம் ரூபாய், 1994-95-ல் 1 கோடி, 1998-99-ல் 2 கோடி, 2011-12-ல் 5 கோடி என நிதி வளர்ந்தது. உறுப்பினர் பணியைப் பரிந்துரைப்பார். மாவட்ட ஆட்சியர் அனுமதித்து நிறைவேற்றுவார். தெருவிளக்கு, பயணியர் நிழற்குடை, பள்ளி வகுப்பறை, குடிநீர்த் தொட்டி ஆகியவற்றில் உறுப்பினரின் பெயர் எழுதப்பட்டிருப்பதைத் தமிழகத்தின் எந்தச் சிற்றூரிலும் காணலாம்.

செழியன் 2000-ல் இத்திட்டத்தை விமர்சித்து ஆங்கிலத்தில் ஒரு நூல் எழுதினார். ‘கருத்து, குழப்பம், முரண்பாடுகள்’ என்பது தலைப்பின் பொருள். டெல்லியின் சமூக அறிவியல் நிறுவனம் அதை வெளியிட்டது. திட்டத்தின் மையச் சிக்கல் எளிது. பணத்துக்கு ஒப்புதல் அளிப்பதும் செலவைச் சோதிப்பதும் அவையின் வேலை. செலவிடுவது அரசின் வேலை. உறுப்பினரே செலவிடும் இடத்துக்கு வந்தால் அவர் யாரைச் சோதிப்பார்? ஆட்சியரிடம் பரிந்துரைக் கடிதத்தோடு நிற்கும் உறுப்பினர் அதே ஆட்சியரின் நிர்வாகத்தைப் பற்றி அவையில் கேள்வி கேட்கத் தயங்குவார். ஊராட்சிக்கு உரிய வேலையை நாடாளுமன்ற உறுப்பினர் செய்கிறார். அதற்கெனத் தேர்ந்தெடுக்கப்பட்ட ஊராட்சித் தலைவர் அவரிடம் விண்ணப்பிக்க வேண்டியிருக்கிறது. தேர்தலில் எதிர்த்து நிற்பவருக்கு இல்லாத பொதுப்பணம் பதவியில் இருப்பவருக்கு விளம்பரமாகிறது.

இந்த விமர்சனம் தனிக்குரலாக நின்றுவிடவில்லை. அரசமைப்புச் செயற்பாட்டை ஆராய்ந்த வெங்கடாசலையா ஆணையம் 2002-லும், வீரப்ப மொய்லி தலைமையிலான இரண்டாம் நிர்வாகச் சீர்திருத்த ஆணையம் 2007-லும் திட்டத்தைக் கைவிடப் பரிந்துரைத்தன. உச்ச நீதிமன்றம் 2010 மே மாதம் பீம் சிங் வழக்கில் திட்டம் அரசமைப்புக்கு உட்பட்டதே என்று தீர்ப்பளித்தது. சட்டப்படி செல்லும் என்பதற்கும் நாடாளுமன்ற முறைக்கு நல்லது என்பதற்கும் இடையே வேறுபாடு உண்டு. செழியனின் கேள்வி இரண்டாவதைச் சார்ந்தது. அதற்குத் தீர்ப்பில் விடை இல்லை.

பெரம்பலூரை எடுத்துக்கொண்டு இந்தக் கேள்வியைச் சோதிக்கலாம். இன்றைய பெரம்பலூர் மக்களவைத் தொகுதியில் குளித்தலை, லால்குடி, மண்ணச்சநல்லூர், முசிறி, துறையூர், பெரம்பலூர் என ஆறு சட்டமன்றத் தொகுதிகள் உள்ளன. அரியலூர், ஜெயங்கொண்டம், குன்னம் ஆகியவை சிதம்பரம் தொகுதியில் சேர்க்கப்பட்டுவிட்டன. ஆண்டுக்கு 5 கோடி என்றால் ஐந்தாண்டில் 25 கோடி. ஒரு சட்டமன்றத் தொகுதிக்குச் சராசரியாக நான்கு கோடியைச் சற்றே தாண்டும். இந்தப் பணத்தில் நிழற்குடைகள் கட்டலாம். பெரம்பலூருக்கு ரயில்பாதை போட முடியாது. அது ரயில்வே வரவுசெலவில் இடம்பெற வேண்டும், அதற்கு அவையில் தொடர்ந்து வாதாட வேண்டும். ஜெயங்கொண்டத்தில் பழுப்பு நிலக்கரித் திட்டத்துக்காக 1990-களில் உழவர்களின் நிலம் எடுக்கப்பட்டது. சுரங்கம் வரவில்லை. உரிய இழப்பீட்டுக்காக மக்கள் பல ஆண்டுகள் நீதிமன்றப் படி ஏறினர். இதற்கும் தொகுதி நிதியில் மருந்து இல்லை. பொதுக்கணக்குக் குழு போன்ற இடங்களில் கேட்கப்பட வேண்டிய கேள்வி அது.

அதே சமயம் செழியனின் வாதத்தில் ஓர் இடைவெளியும் உண்டு. மானாவாரி ஊரில் குடிநீர்த் தொட்டி வேண்டும் என்று கேட்பவரிடம் அதிகாரப் பிரிவினை பற்றிப் பேசினால் தொட்டி வராது. மாநில அரசும் ஊராட்சியும் கைவிட்ட இடத்தில் உறுப்பினரின் கடிதம் ஒன்றுதான் கைக்கு எட்டும் வழியாக இருக்கிறது. நிதியை எடுத்துவிட வேண்டுமென்றால் அந்தப் பணமும் அதிகாரமும் ஊராட்சிகளுக்குச் சென்றாக வேண்டும். எதிர்ப்பு அந்தக் கோரிக்கையோடு சேர்ந்தால்தான் பெரம்பலூர் வாக்காளரிடம் எடுபடும்.

பிரான்சுடன் ஓர் ஒப்பீடு

பிரெஞ்சு நாடாளுமன்றத்திலும் இதே சிக்கல் இருந்தது. அங்கு ஒவ்வோர் உறுப்பினரும் தம் பகுதியின் நகராட்சிகளுக்கும் சங்கங்களுக்கும் பகிர்ந்தளிக்க ‘நாடாளுமன்ற ஒதுக்கீடு’ ஒன்று நெடுங்காலம் இருந்தது. உறுப்பினராக இருந்துகொண்டே நகர மேயராகவும் இருப்பது அங்கு வழக்கம். 2014-ல் இயற்றப்பட்ட சட்டம் அந்த இரட்டைப் பதவியைத் தடுத்தது. 2017-ல் அது நடைமுறைக்கு வந்தது. அதே 2017 செப்டம்பரில் நிறைவேறிய சட்டம் நாடாளுமன்ற ஒதுக்கீட்டையும் நீக்கியது. அந்தச் சட்ட வரைவை அமைச்சரவைக்குக் கொண்டுவந்தவர் அப்போது ஒரு மாத காலம் நீதி அமைச்சராக இருந்த பிரான்சுவா பைரூ, 1986 முதல் நாடாளுமன்ற அரசியலில் இருந்த மையவாதி. அவரே போ நகரின் மேயராக 2014 முதல் இருந்தவர், 2024 டிசம்பரில் பிரதமரானபோதும் மேயர் பதவியை விடாதவர்.

பைரூவின் மையவாதம் பிரனே மலையடிவார ஊர் ஒன்றில் வேர்விட்டது. தேசியத் தேர்தல்களில் தோற்ற ஆண்டுகளிலும் அவருக்குத் திரும்பிப்போக ஓர் ஊர் இருந்தது. செழியனுக்கு அப்படி ஓர் ஊர் அமையவில்லை. பெரம்பலூர், கும்பகோணம், தென்சென்னை என்று தொகுதிகள் மாறின. கட்சி அலை இருந்தபோது வென்றார். அலை போனபோது தாங்கிப்பிடிக்க ஊர் இல்லை. ஆனால் தொகுதி நிதியைப் பற்றிச் செழியன் 2000-ல் சொன்ன திசையில் பிரான்சு பதினேழு ஆண்டுகள் கழித்துச் சென்றது. அச்சட்டம் நிறைவேறுவதற்கு மூன்று மாதங்களுக்கு முன் செழியன் வேலூரில் காலமானார்.

பெரம்பலூரின் பிற்காலம்

பெரம்பலூரிலிருந்து 1996, 1999, 2004 ஆண்டுகளில் ஆ. இராசா தேர்ந்தெடுக்கப்பட்டார். தொகுதியின் பிரதிநிதி மத்திய அமைச்சராக இருந்த காலம் அது. 2008-ல் அவர் தொலைத்தொடர்பு அமைச்சராக இருந்தபோது நடந்த அலைக்கற்றை உரிம ஒதுக்கீடு பற்றிய தணிக்கை அறிக்கை 2010 நவம்பரில் நாடாளுமன்றத்தில் வைக்கப்பட்டது. முரளி மனோகர் ஜோஷி தலைமையிலான பொதுக்கணக்குக் குழு அதை ஆராய்ந்தது. 2011 ஏப்ரலில் குழு இரண்டாகப் பிளந்தது. வரைவு அறிக்கையைப் பெரும்பான்மை உறுப்பினர்கள் ஏற்க மறுத்தனர். 2017 டிசம்பர் 21 அன்று சிறப்பு நீதிமன்றம் இராசா உள்ளிட்ட அனைவரையும் விடுவித்தது. அதை எதிர்த்த மேல்முறையீட்டை டெல்லி உயர் நீதிமன்றம் 2024-ல் விசாரணைக்கு ஏற்றது.

வழக்கின் முடிவு எதுவாயினும், நாடாளுமன்ற வரலாற்றில் அந்த நிகழ்ச்சிக்குத் தனி இடம் உண்டு. கட்சி பாராமல் ஒருமித்து அறிக்கை தருவது என்ற பொதுக்கணக்குக் குழுவின் வழக்கம் அங்கு உடைந்தது. செழியன் தலைமையேற்ற காலத்தில் அக்குழுவின் பலமாக இருந்ததும் அந்த வழக்கம்தான். ஒரே தொகுதியின் பெயர் அக்குழுவின் இரு கட்டங்களோடும் தொடர்புகொண்டது தற்செயல். ஆனால் கணக்குக் கேட்கும் அமைப்பு எவ்வளவு விரைவில் கட்சிச் சண்டையின் களமாகிவிடும் என்பதற்கு அது சான்று.

மதிப்பீடு

செழியனைப் புகழ்பவர்கள் அவரை அப்பழுக்கற்ற நாடாளுமன்றவாதி என்பார்கள். குறை சொல்பவர்கள் மக்களிடம் செல்வாக்கில்லாத டெல்லி அரசியல்வாதி என்பார்கள். இரண்டிலும் உண்மையின் ஒரு பகுதி உண்டு. அவருடைய பணியின் சாரம் மூன்று செயல்களில் அடங்குகிறது: பொதுக்கணக்குக் குழுவில் கணக்குக் கேட்டது, 1975-ல் அவைக்குறிப்பில் எதிர்ப்பைப் பதிவுசெய்தது, 2010-ல் மறைந்த அறிக்கையை மீட்டது. இம்மூன்றும் ஆவணத்தின் மேல் கொண்ட நம்பிக்கையிலிருந்து பிறந்தவை. ஆட்சிகள் மாறும், கட்சிகள் உடையும், எழுதிவைத்தது நிற்கும் என்ற நம்பிக்கை அது.

அவருடைய குறைகளும் அதே இடத்திலிருந்துதான் வருகின்றன. ஆவணம் படிக்கும் சிலரோடு அவருக்கு இருந்த உறவு படிக்காத பலரோடு அமையவில்லை. அவரை நாடறியச் செய்த இரு நூல்களும் ஆங்கிலத்தில் உள்ளன. அவரை முதலில் டெல்லிக்கு அனுப்பிய பெரம்பலூர் உழவருக்கு அந்த நூல்கள் சென்றுசேரவில்லை. பொதுக்கணக்குக் குழு கேட்கும் கேள்விக்கும் தம் வயலுக்கும் உள்ள தொடர்பை அந்த உழவருக்குத் தமிழில் எடுத்துச் சொல்லும் வேலை செய்யப்படாமலே நின்றது. மேடைத்தமிழை வளர்த்த ஓர் இயக்கத்தின் மிகச்சிறந்த நாடாளுமன்றவாதிகளில் ஒருவர் கணக்குத்தமிழை வளர்க்காமல் விட்டது பெரிய இழப்பு.

இன்று பெரம்பலூரிலும் அரியலூரிலும் உறுப்பினரை மதிப்பிட மக்கள் பயன்படுத்தும் அளவுகோல் எத்தனை கட்டடம் கட்டினார் என்பது. அவையில் எத்தனை நாள் இருந்தார், எந்த மானியக் கோரிக்கையின் மீது பேசினார், எந்தத் தணிக்கை அறிக்கையைப் படித்தார் என்று கேட்பவர் குறைவு. செழியனின் வாழ்க்கை இந்தக் கேள்விகளைக் கேட்கக் கற்றுத்தருகிறது. மருதையாற்று விபத்துக்குப் பின் ஓர் அமைச்சர் பதவி விலகினார் என்றால், அவையில் பதில் சொல்லியாக வேண்டும் என்ற அழுத்தம் அன்று இருந்தது. அந்த அழுத்தத்தை உருவாக்குவதே உறுப்பினரின் வேலை என்று செழியன் கருதினார். அவருடைய பெயரை நினைவுகூரும் தொகுதி இன்று இல்லாமல் இருக்கலாம். அவர் கேட்ட கேள்வி ஒவ்வொரு தொகுதிக்கும் உரியது.